ரம்ஜானுக்கு நீ, ஏகாதசிக்கு நான்

உள்ளறையிலிருந்து கேட்ட அந்தச் சத்தம் ஷஹனாஸுக்குப் புதிது.

அடுப்படியில் நின்று, சாயங்காலக் கஞ்சிக்கு நொய்யரிசியும் பாசிப்பருப்பும் களைந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். ரமலான் பிறந்து இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. உள்ளறை லாப்டாப்பின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குப் பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி. பசிக்கு அழுகிறதா, எறும்பு கடித்து அழுகிறதா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். புது ஃபைல் வந்தால் நீர்ச்சொட்டு விழுவது போல ஒரு ஒலி. மீட்டிங் என்றால் விடாமல் அடிக்கும் மணி. இது இரண்டுமில்லை. கனமாக இரண்டு தடவை, யாரோ முஷ்டியால் கதவைக் குத்தியது போலக் கேட்டது. பிறகு நிசப்தம்.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். திரை முழுக்க வெளிறிக் கிடந்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, மேலாளரைத் தொடர்புகொள்ளவும்.

"என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கூடத்திலிருந்து மாமியார் நஜ்முன்னிசா கேட்டார்.

"இல்ல மாமி. சும்மா" என்றாள் ஷஹனாஸ்.

அந்த வெளிறிய திரைக்குள் அவளுடைய வேலை மட்டுமா இருந்தது? ஷார்ஜாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் திரும்பும் வழியும் அல்லவா இருந்தது!

ஷஹனாஸ் பிறந்தது திருச்சி மரக்கடைப் பக்கம். அத்தாவுக்குப் பெரிய கடை வீதியில் குடைக்கடை. மழை பெய்தால் சிரிப்பார், வெயில் அடித்தாலும் சிரிப்பார், இரண்டும் இல்லாத நாளில் மட்டும் மகளைப் பார்த்து, நீயாவது வானத்தை நம்பாத வேலையாகப் பார்த்துக்கொள் என்பார். மகள் பி.ஃபார்ம் சேர்ந்தாள். தினமும் மெயின் கார்டு கேட்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் ஒருத்தி பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். அவள்தான் வைஷ்ணவி. பழக ஆரம்பித்த புதிதில் யாரோ ஒரு அம்மாள் அந்தப் பையை எடுத்துவிட்டு உட்காரப் பார்த்தபோது, "அது எங்க அக்காவுக்கு மாமி" என்று வைஷ்ணவி கூசாமல் சொன்னாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிய அக்காவைப் பார்த்து அந்த அம்மாள் முழித்த முழியைச் சொல்லிச் சொல்லி இருவரும் நாலு வருஷம் சிரித்தார்கள்.

படிப்பு முடிந்த கையோடு இருவருக்கும் கல்யாணமும் முடிந்தது. ஷஹனாஸின் கணவன் ஆரிஃபும் மரக்கடைச் சந்துக்காரன்தான், ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பொறுப்பாளன். நல்லவன், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தைக் கூட்டினால் பதினாறு மாதம் தேறும். மகள் ஜெஸிமா அத்தா என்றால் ஒரு செல்போன் என்றுதான் மூன்று வயது வரை நினைத்திருந்தாள். வைஷ்ணவியோ ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். மாமியார் ரங்கநாயகி அம்மாள் பெருமாளுக்குப் பயப்படுவார். மற்ற எல்லோரும் அவருக்குப் பயப்பட வேண்டும்.

மருந்துக்கடையில் நிற்கிற வேலை இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. அப்போதுதான் தில்லைநகரில் ஒரு மாடியில் மெடிக்கல் கோடிங் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஒருவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதிவைக்கும் குறிப்பைப் படித்து, இன்ன வியாதி, இன்ன சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். எண் தவறினால் யாரோ ஒரு நோயாளி தலையில் பாரம் விழும். ஏணியிலிருந்து விழுந்தால் ஒரு எண், கிளி கடித்தால் ஒரு எண். கிளி கடித்தவனுக்கு எல்லாமா எண் போடுவாங்க என்று நஜ்முன்னிசா ஒரு வாரம் சிரித்தார். மருமகளின் முதல் சம்பளம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கிளிக்கு ஒரு துவா செய்தார்.

சான்றிதழ்ப் பரீட்சையை இருவரும் முதல் தடவையே தாண்டினார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே வேலை கொடுத்தது. பஸ் பிடிக்க வேண்டாம், யார் முகத்திலும் முழிக்க வேண்டாம். பகலில் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், அன்றைய ஃபைல்களை அன்றே முடித்தால் சரி. ஆறே வருஷத்தில் ஷஹனாஸின் சம்பளம் ஆரிஃபின் ஷார்ஜா சம்பளத்தை எட்டிப் பிடித்தது. போன வருஷம் அதைத் தாண்டியும் போனது.

தாண்டிய அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அவனிடம் அதைச் சொன்னாள். வந்துடுங்களேன் என்றாள். அவ்வளவுதான். அவனும் ஒரே வார்த்தையில் வருகிறேன் என்றான். இந்த மார்ச் மாதத்தோடு விசா முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம், நோன்புப் பெருநாளைக்கு வந்து இங்கேயே இருந்துவிடுங்கள் என்று முடிவாகியிருந்தது. வேண்டாமா வேண்டுமா என்று அவன் கம்பெனிக்குச் சொல்லக் கடைசி நாள் இந்த வியாழக்கிழமை. இன்றைக்குத்தான்.

சரி, கணக்கு ஏன் நின்றது?

ஷஹனாஸுக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது. மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் மார்கழியிலேயே அது ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளும் உற்சவம். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் சேவிக்க வரும் உறவுக் கூட்டமெல்லாம் வைஷ்ணவியின் வீட்டில்தான் இறங்கும். முப்பது பேருக்குத் தளிகை பண்ணிக்கொண்டு, மடியாக இருந்துகொண்டு, அவள் எங்கே லாப்டாப்பைத் தொடுவது? அழுதுகொண்டே போன் செய்தாள். உன் பாஸ்வேர்டைக் கொடு, உன் ஃபைலையும் சேர்த்து நான் முடித்துவிடுகிறேன் என்று ஷஹனாஸ்தான் சொன்னாள். அடுத்து ரமலான் வந்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு விழித்து, நோன்போடு எண்களைப் பார்த்துக் கண் இருட்டிய மதியங்களில் அவளுடைய ஃபைல்களை வைஷ்ணவி எடுத்துக்கொண்டாள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கைமாத்து. வட்டி இல்லை, எழுத்து இல்லை, சாட்சி இல்லை. போனில் வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும். ரம்ஜானுக்கு நீ, ஏகாதசிக்கு நான்.

ஒருவர் எண்ணில் இன்னொருவர் வேலை பார்ப்பது குற்றம் என்று கம்பெனி விதியில் கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டு பேரும் படித்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது காவிரிப் பாலம் மட்டும்தானே. சென்னையிலிருந்து பார்க்கிறவனுக்கு மரக்கடையும் திருச்சிதான், உத்தர வீதியும் திருச்சிதான் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் தனி அடையாளம் உண்டு, அது ஒரு நாள் பட்டியலாக வந்து விழும் என்று மருந்து படித்த அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குச் சென்னையிலிருந்து மேலாளர் விக்டர் போன் வீடியோவில் கூப்பிட்டார். பழைய மனிதர். ஷஹனாஸை ஒருநாளும் கடிந்து பேசாதவர். இன்று அவர் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து உங்கள் கணக்கில் மதிய வேலை முழுக்க ஸ்ரீரங்கத்து இணைப்பிலிருந்து நடந்திருக்கிறது, உண்மையா என்று கேட்டார். ஷஹனாஸ் மறுக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டாள்.

விக்டர் தயங்கினார். யார் எந்த இணைப்பிலிருந்து வேலை பார்த்தார்கள் என்ற அறிக்கை இந்த வருஷத்திலிருந்து முதலில் தரம் பார்க்கும் பிரிவின் லீடிடம் போய், அவர் சரிபார்த்த பிறகுதான் தனக்கு வருகிறது என்றார். "லிஸ்ட் அனுப்பினதே உங்க லீட்தான் மேடம். கூடவே ஒரு லெட்டரும் வச்சிருந்தாங்க."

ஜனவரியில்தான் வைஷ்ணவி அந்தப் பிரிவின் லீடாக உயர்ந்திருந்தாள். டிசம்பர் மாதம் அவள் ஃபைல்களில் ஒரு பிழைகூட இல்லை என்பதுதான் அந்த உயர்வுக்குக் காரணம். அந்த டிசம்பரில் ஏகாதசிக் கூட்டத்துக்கு நடுவே அவள் லாப்டாப்பையே திறக்கவில்லை. பிழையில்லாத அத்தனை ஃபைலும் மரக்கடைச் சந்து வீட்டில், இந்த மேசையில் முடிந்தவை. பதவி வந்த செய்தி கேட்டு நஜ்முன்னிசா வீட்டில் தம்ரூட் இனிப்பு செய்து தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாரே, அந்தப் பதவி.

லெட்டரைப் படியுங்கள் என்றாள். விக்டர் வேண்டாம் என்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் படித்தார். நோன்பு நேரத்தில் உடம்பு முடியவில்லை, வேலை செய்ய இஷ்டமில்லை என்று ஷஹனாஸ் பேகம் என்னிடம் கெஞ்சினார். கல்லூரிப் பழக்கத்துக்காக மறுக்க முடியாமல் சில நாட்கள் செய்து கொடுத்தேன். என் மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே நானே முன்வந்து தெரிவிக்கிறேன். முன்வந்து சொன்னதால் நிர்வாகம் வைஷ்ணவியை எச்சரிக்கையோடு விட்டுவிட்டதாம்.

வேலை செய்ய இஷ்டமில்லை. காய்ச்சலிலும் ஒரு ஃபைலை நாளைக்கு என்று தள்ளி வைக்காதவளைப் பற்றி, அதை நேரில் பார்த்தவளே எழுதிய வார்த்தை!

விக்டர் மிச்சத்தையும் சொன்னார். வேலை போய்விட்டது, அதில் தன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சான்றிதழ் தந்த அமைப்புக்கும் எழுதியாக வேண்டும். தன் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தது மட்டும் என்றால் ஆறு மாதம் சான்றிதழை நிறுத்தி வைப்பார்கள், பிறகு வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் கணக்கிலும் புகுந்து வேலை பார்த்திருந்தால் அது இரண்டாவது குற்றம். இரண்டு வருஷம் எங்கேயும் இந்த வேலை கிடையாது.

"விளக்கக் கடிதத்துல ஒரு கேள்வி இருக்கும் மேடம். வேற யாரோட ஐ.டி.யிலயாவது வேலை பார்த்தது உண்டா, இல்லையான்னு. என்கிட்ட வந்த லிஸ்ட்ல அப்படி எதுவும் இல்ல" என்றார் விக்டர். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "மூணு மணிக்குள்ள அனுப்புங்க. யோசிச்சு எழுதுங்க" என்றார்.

இரக்கமுள்ள மனிதர். 'இல்லை' என்று எழுதிவிடுங்கள் என்பதை அதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

திரை அணைந்தது. பட்டியலில் டிசம்பர் இல்லை. அனுப்பியவளே அந்த வரியை அழித்திருக்கிறாள். அழித்ததோடு நிற்கவில்லை, அதற்கு மேலும் கணக்குப் போட்டிருக்கிறாள். டிசம்பரைச் சொன்னால் ஷஹனாஸுக்கும் சேர்த்துத்தான் கெடுதல், ஆகவே அவள் சொல்லமாட்டாள். ஷஹனாஸின் வாயைப் பூட்ட ஷஹனாஸின் சாவியையே எடுத்திருக்கிறாள் பாவி. முதுகில் குத்துகிறவர்கள் உலகத்தில் உண்டு. குத்து வாங்கியவள் கத்தக்கூட முடியாதபடி யோசித்துக் குத்துகிறவர்கள் எத்தனை பேர்?

ஷஹனாஸ் முதலில் ஆரிஃபுக்குப் போன் செய்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்முனையில் கிடங்கில் பெட்டிகள் இறங்கும் ஓசைதான் கேட்டது. ஆறு மாதம் என்றால் சமாளிக்கலாம், இருக்கிறதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், நான் வந்துவிடுகிறேன் என்றான் அவன். கடிதத்தை அனுப்பிவிட்டு என்ன எழுதினாய் என்று சொல், அதன்பிறகு நான் ஆபீஸில் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அவள் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

மதியத்து லுஹர் தொழுகை முடித்துவிட்டு, தன் போனிலேயே அந்தக் கடிதத்தைத் திறந்தாள். மற்றதெல்லாம் சுலபமாக எழுதிவிட்டாள். அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றாள். உண்டு, இல்லை. இரண்டே கட்டம். 'இல்லை' என்பதன் மேல் விரலை வைத்தால் புரட்டாசிக்குள் வேலை, கூடவே ஆரிஃப். பதினொரு வருஷத் தனிமைக்கு ஒரு முடிவு. ஜெஸிமாவின் ஸ்கூலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் அத்தா. 'உண்டு' என்றால் எதுவும் இல்லை.

நோன்பு வாயோடு பொய் சொன்னால் அது வெறும் பட்டினி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். வாயால் சொன்னால்தானே, விரலால் தொட்டால் என்ன என்றும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், வேலை செய்ய இஷ்டமில்லாதவள் என்ற அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நோன்பு ஒரு கையையும் கோபம் மறு கையையும் பிடித்து இழுத்தன. எது அவளை இழுத்தது என்று பின்னால் எத்தனை தடவை கேட்டுக்கொண்டும் அவளுக்கே தெரியவில்லை. 'உண்டு' என்பதைத் தொட்டாள்.

யாருடைய கணக்கில் என்று அடுத்த கேள்வி. புறம் பேசுவதும் நோன்பைக் கெடுக்கும். அதில் வைஷ்ணவியின் பெயரை எழுதவில்லை. 'டிசம்பர் மாதம் என் வீட்டு இணைப்பிலிருந்து நடந்த வேலையின் முழு அறிக்கையை, இடையில் யாரும் சரிபார்க்காமல், நீங்களே எடுத்துப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினாள். மூன்று மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் அனுப்பினாள். ஆரிஃபுக்கும் அதை அப்படியே அனுப்பி வைத்தாள். நீல நிறக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மாலை அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது.

"யாரு பாரு, நம்ம வைஷ்ணவி" என்று நஜ்முன்னிசா முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. நோன்புக்கு மேல் இந்த அதிர்ச்சி வேண்டாமென்று மருமகள் மறைத்து வைத்திருந்தாள். வா தாயி, லீடு அம்மா, இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா என்று கேலி பேசினார். உனக்கென்று கறி போடாத கஞ்சி தனிச் சட்டியில் வைக்கிறேன், நோன்பு திறக்கிற வரை இருந்து குடித்துவிட்டுத்தான் போகணும் என்றார். அந்தத் தனிச் சட்டி வருஷா வருஷம் வைஷ்ணவிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். ஜெஸிமா டியூஷனுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. இருந்தால் சித்தி என்று காலைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

வைஷ்ணவி உள்ளறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. ஷஹனாஸ் நின்றுகொண்டே இருந்தாள். அந்த அறையில் அவர்கள் இருவரும் இப்படி எட்டி இருந்ததே இல்லை.

அழுகைக்கு நடுவே வைஷ்ணவி தன் கதையைச் சொன்னாள். கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. மாமியாருக்கே தெரியாது. தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருகிறான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. அந்தப் பட்டியல் வந்தபோது முதல் வரியே வைஷ்ணவியின் பெயர். டிசம்பர் வெளியே வந்தால் லீட் பதவியும் போகும், வேலையும் போகும். அழித்துவிட்டேன் என்றாள்.

"அழிச்சது சரி. அந்த லெட்டர்?" என்று கேட்டாள் ஷஹனாஸ்.

வைஷ்ணவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு பேரை மட்டும் அழிச்சா சந்தேகம் வரும்டி. ஏதாவது ஒண்ணு நானே சொன்னாத்தான் என்னை நம்புவா."

"அதுக்கு என் நோன்பு கெடச்சுதா?"

வைஷ்ணவி தலைப்பை முகத்திலிருந்து எடுத்தாள். பிறகு, வந்த காரியம் மெல்ல வெளியே வந்தது.

"உனக்கு ஆறு மாசம்தான் ஷானு. நான் அந்த ரூலைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான்... உனக்கு ரொம்பக் கெடுதல் வரக் கூடாதுன்னு பார்த்துத்தான் பண்ணினேன். ஆறு மாசம் வாயை மூடிண்டு இருந்தாப் போறும். அதுக்கப்புறம் உனக்கு வேலை நானே வாங்கித் தரேன். அந்த டிசம்பரை மட்டும் எழுதிடாதேடி. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

உண்மையிலேயே குனிந்தாள். ஷஹனாஸ் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"நான் எழுதி ரெண்டு மணி நேரம் ஆகுது வைஷு."

வைஷ்ணவி நிமிர்ந்தாள். "என்னைக் காட்டிக் கொடுத்துட்டியா நீ?"

யார் யாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி! ஷஹனாஸுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. வறண்ட உதடு வெடித்து எரிந்தது.

"உன் பேரை நான் எழுதல. என் தப்பை மட்டும்தான் எழுதினேன். அதைத் தேடினா அடியில நீ கெடந்தேன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கும்தானே ரெண்டு வருஷம் போறது! பைத்தியமா நீ? ஆரிஃப் அண்ணா..."

அவள் அந்தப் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, ஷஹனாஸின் போன் அடித்தது. ஆரிஃப். ஷஹனாஸ் எடுத்தாள். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டாள் போல, அவன் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"படிச்சேன் ஷஹனாஸ். சரியாத்தான் எழுதியிருக்கே. நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்காத." பிறகு ஒரு இடைவெளி. அவனுடைய இடைவெளிகள் எப்போதுமே வார்த்தையைவிட நீளமானவை. "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பெருநாளைக்கும் லீவு இல்லையாம். ஜெஸிமாகிட்ட நீ சொல்லிடாத, நானே சொல்றேன்."

சரிங்க என்றாள் ஷஹனாஸ். அவன் வைத்துவிட்டான்.

வைஷ்ணவி அப்போதுதான் முழுசாக உடைந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றாள். அண்ணா வருவதை மறந்தே போய்விட்டேன் என்றாள். அது பொய். அவன் வந்ததும் எங்கே குடியிருக்கலாம், என்ன கடை வைக்கலாம் என்று ஜனவரி முழுக்க ஷஹனாஸோடு உட்கார்ந்து யோசனை சொன்னவள் அவள்தான். ஷஹனாஸ் அதை எடுத்துச் சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு.

"உன் வீட்டுக்காரருக்கு வேலை போனதை எட்டு மாசமா என்கிட்ட ஏன் சொல்லல?"

வைஷ்ணவி தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்த லிஸ்ட் வந்த அன்னிக்கு ஒரு போன் போட்டு, ஷானு, நீ போயிடு, நான் இருந்துக்கறேன், என் வீடு உன் வீட்டைவிட மோசமா இருக்குன்னு சொல்லியிருந்தா, நான் போயிருப்பேன் வைஷு. சத்தியமா போயிருப்பேன். என்னைக்கு நீ கேட்டு நான் இல்லைன்னேன்? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. திருடிட்டியே."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. அன்று காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. வேலைக்காக வரவில்லை. ஆரிஃபுக்காகக்கூட வரவில்லை. பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதற்காக வந்தது. செத்துப்போனவர்களுக்கு அழலாம், நாலு பேர் கூட இருந்து அழுவார்கள். எதிரில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்காக எப்படி அழுவது?

வைஷ்ணவியின் கைப்பையில் போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள். பார்த்தபடியே எழுந்தாள். சென்னையிலிருந்து என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அடுப்படியிலிருந்து நஜ்முன்னிசா எட்டிப் பார்த்தார். அதற்குள் கிளம்பிவிட்டாயா, இன்னும் ஒரு மணி நேரம்தானே, கஞ்சி கொதித்துவிட்டது என்றார். இரண்டு பேருடைய கண்ணையும் பார்த்தார். வயசானவர், எத்தனையோ வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவர். ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. அது என்னவானாலும் வீட்டுக்கு வந்த பெண்ணை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஒரு தூக்கில் கஞ்சியை ஊற்றி மூடி, இந்தா தாயி, வீட்டுல போய்க் குடி என்று கையில் திணித்தார்.

வைஷ்ணவி தூக்கை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாதவள் போல நின்றாள். சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும், மாற்றிப் பிடிக்கவில்லை. ஷஹனாஸைப் பார்த்தாள். ஷஹனாஸ் கதவின் பக்கம் நின்று, அவள் வெளியே போவதற்காகக் காத்திருந்தாள்.

"அம்மா, வரேன்" என்று நஜ்முன்னிசாவிடம் சொல்லிக்கொண்டு வைஷ்ணவி படியிறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "போயிட்டு வரேன் ஷானு."

பதினைந்து வருஷமாக, அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் 'வாடி' என்று ஒரு குரல் பின்னாலேயே வரும்.

ஷஹனாஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சந்து திரும்பும் வரை நிற்கவும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.